அலகில் ஒரு சிவப்புப் பொட்டு



இன்றைய பேச்சுக்கு உரிய பொருள் ஒரு பறவை. அது அரிய பறவை இல்லை. பார்த்ததும் வியந்து நிற்கும்படியான பேரழகும் இல்லை. பிரிட்டன், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே என்று ஐரோப்பாவின் வடமேற்குக் கரை நெடுகிலும், ஏதாவது ஒரு மீன்பிடித் துறைக்குப் போனால் போதும், கூரை மேலும் படகின் விளிம்பிலும் அது உட்கார்ந்திருக்கும். கடற்கரைக்கு வருபவர்கள் கையில் வைத்திருக்கும் தின்பண்டத்தைப் பறித்துக்கொண்டு போகும். அதனால் நாள்தோறும் வசவு வாங்கும். அதன் பெயர் ஹெரிங் கடற்காகம்.

ஊரார் திட்டித் துரத்துகிற ஒரு பறவையைப் பற்றி இவ்வளவு பேர் கூடி உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது? இருக்கிறது. இந்தப் பறவையின் கூட்டுக்கு எதிரே பொறுமையாக உட்கார்ந்து, அது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மனிதருக்கு 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் இருந்த கருவிகள் தொலைநோக்கி, குறிப்பேடு, கத்தரித்த அட்டைத் துண்டுகள், கொஞ்சம் சாயம். அந்த மனிதரிடம் பிறகு வருவோம். முதலில் பறவையைப் பார்ப்போம்.

நம் ஊர்க் காக்கையைவிட மிகப் பெரியது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 55 முதல் 67 சென்டிமீட்டர். இறக்கையை விரித்தால் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். பெரிய ஆண் பறவையிடம் ஒன்றரை மீட்டர் வரை போகும். எடை ஒரு கிலோ அளவு. தலையும் கழுத்தும் வயிறும் வெள்ளை. முதுகு வெளிர் சாம்பல். இறக்கை நுனி கறுப்பு, அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள். கால்கள் இளஞ்சிவப்பு. கண் மஞ்சள், அதனால் அதன் பார்வையில் எப்போதும் ஒரு கோபம் தெரியும். அந்தக் கோபம் நாம் ஏற்றிச் சொல்வதுதான், ஆனாலும் நேரில் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அலகும் மஞ்சள்தான். கீழலகின் நுனிக்குச் சற்று முன்னால், திலகம் இட்டது போல, ஒரு சிவப்புப் பொட்டு. இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பொட்டைச் சுற்றித்தான்.

இந்த வெள்ளைச் சட்டை பிறக்கும்போதே கிடைத்துவிடுவதில்லை. முதல் ஆண்டில் குஞ்சு உடல் முழுக்கப் பழுப்புத் திட்டுகளோடு, கறுத்த அலகோடு திரியும். தெரியாதவர்கள் அதை வேறு இனப் பறவை என்றே நினைப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு பழுப்பு கழிந்து, சாம்பலும் வெள்ளையும் ஏறி, நான்காம் ஆண்டில்தான் முழு வளர்ச்சி தெரியும். குளிர்காலத்தில் வளர்ந்த பறவைக்கும் தலையில் பழுப்புக் கீற்றுகள் வந்துவிடும். 30 வயதைத் தாண்டி வாழ்ந்த பறவைகளும் உண்டு.

கடலில் வாழ்கிறதே, குடிநீருக்கு என்ன செய்யும்? கடல்நீரையே குடிக்கும். நாம் குடித்தால் நம் சிறுநீரகம் தாங்காது. இதற்கு மட்டும் எப்படித் தாங்குகிறது? கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளத்தில், இரண்டு உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் ஏறிய உப்பை அவை பிரித்தெடுத்து, கடல்நீரைவிட அடர்த்தியான உப்புநீராக மூக்குத் துளை வழியே வெளியேற்றும். அது அலகின் ஓரமாக வழிந்து நுனியில் சொட்டும். கடற்காகம் அடிக்கடி தலையை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொட்டைத்தான் உதறுகிறது. கடற்பறவைகளிடம் இந்தச் சுரப்பி செய்யும் வேலையை 1950களின் இறுதியில் கண்டு சொன்னவர் நட் ஷ்மிட் நீல்சன் என்ற உடலியல் அறிஞர். அதுவரை அந்தச் சுரப்பி எதற்கு என்று எவருக்கும் தெளிவில்லை.

சாப்பாட்டில் அதற்கு வைதீகம் கிடையாது. மீன், நண்டு, நட்சத்திர மீன், புழு, பிற பறவைகளின் முட்டை, செத்த மீன், குப்பைமேட்டுச் சோறு, எல்லாம் ஒன்றுதான். சிப்பியை உடைக்க அலகில் வலு போதாவிட்டால், அதைக் கவ்விக்கொண்டு மேலே பறந்து பாறை மேலோ சாலை மேலோ போடும். உடையாவிட்டால் மறுபடி எடுத்துப் போடும். புல்வெளியில் நின்றுகொண்டு இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தட்டும். பார்த்தால் நடனம் பயில்வது போலிருக்கும். தரை அதிர, மண்புழுக்கள் மேலே வரும். எடுத்து விழுங்கும்.

இனி அந்த மனிதரிடம் வருவோம். நிக்கோ டின்பெர்கன். 1907இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தவர். வகுப்பறையைவிடக் கடலோர மணல்மேடுகளில் அதிக நேரம் கழித்த மாணவர். அந்த மணல்மேடுகளில்தான் ஹெரிங் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் கூடு கட்டும். பிற்பாடு லைடன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது மாணவர்களையும் அங்கேயே அழைத்துப் போனார். பிறகு போர் வந்தது. ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்து லைடன் ஆசிரியர்கள் குரல் கொடுத்தார்கள். அவர்களில் டின்பெர்கனும் ஒருவர். 1942இல் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். இரண்டு ஆண்டுகள்.

முகாமில் அவர் என்ன செய்தார்? வீட்டில் இருந்த தம் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். படங்களோடு எழுதினார். யாரைப் பற்றி? கிளீவ் என்ற ஒரு கடற்காகக் குஞ்சைப் பற்றி. போருக்குப் பின் 1947இல் அது புத்தகமாகவும் வந்தது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் உட்கார்ந்து, முட்டையிலிருந்து வெளிவரும் ஒரு குஞ்சின் வாழ்க்கையை எழுத ஒருவருக்கு மனம் வந்தது என்றால், அந்தப் பறவையை அவர் எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்!

அப்படி என்ன பார்த்தார்? கூட்டமாக வாழ்ந்தாலும் ஒவ்வோர் இணைக்கும் தனி எல்லை இருப்பதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் எல்லையில் கால் வைத்தால் ஆண் பறவை நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, விறைப்பாக நடந்து போகும். எதிரியும் அப்படியே நிற்கும். சண்டை வரப்போகிறது என்று நாம் நினைப்போம். திடீரென்று இரண்டும் குனிந்து தரையில் இருக்கும் புல்லைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும்! தாக்கவும் மனம், ஓடவும் மனம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்க, கோபம் புல்லின் மேல் இறங்குகிறது என்று டின்பெர்கன் விளக்கினார். மேசையைக் குத்துகிறவர்களை நாமும் அறிவோம்.

பெண் பறவை ஆணைச் சுற்றிச் சுற்றி வந்து, குஞ்சு போலத் தலையை ஆட்டிக் கெஞ்சும். ஆண் பறவை இரையைக் கக்கி ஊட்டும். இப்படித்தான் இணை சேரும். ஒருமுறை சேர்ந்த இணை பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே இடத்தில் மீண்டும் சந்திக்கும். கூட்டில் வழக்கமாக மூன்று முட்டை. பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் கறுத்த புள்ளிகள். இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். ஏறத்தாழ நான்கு வாரம்.

இங்கே ஒரு வேடிக்கை. கூட்டில் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பக்கத்திலேயே, பறவையின் கண்ணுக்கு நேராக, இன்னொரு குழியில் வைத்தார் டின்பெர்கன். பறவை வந்தது. முட்டைகளைப் பார்த்தது. ஆனால் போய் உட்கார்ந்ததோ பழைய, வெறுங்கூட்டில்! அதற்கு முட்டையைவிட இடம் முக்கியமாக இருந்தது. மரத்தால் செய்து சாயம் பூசிய போலி முட்டையையும் அது அடைகாக்கும். முட்டை விஷயத்தில் இவ்வளவு ஏமாளியான பறவை, குஞ்சு பொரித்துச் சில நாட்களில் தன் குஞ்சை அடையாளம் கண்டுகொள்ளும். வழி தவறி வரும் அயலார் குஞ்சைக் கொத்தி விரட்டும், சில வேளைகளில் கொன்றும் விடும். முட்டை நடந்து பக்கத்து வீட்டுக்குப் போகாது, குஞ்சு போகும். எங்கே அடையாளம் தெரிய வேண்டுமோ அங்கே தெரிகிறது.

இப்போது பொட்டு. முட்டையை உடைத்து வெளிவந்த குஞ்சு, உடல் காய்ந்து நிற்கத் தொடங்கியதும், தாயின் அல்லது தந்தையின் அலகைக் கொத்தும். அலகில் எந்த இடத்தை? அந்தச் சிவப்புப் பொட்டை. கொத்தினால் பெற்ற பறவை பாதி செரித்த இரையைக் கக்கி, ஒரு துண்டை அலகு நுனியில் பிடித்து நீட்டும். இதை யாரும் குஞ்சுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறந்து சில மணி நேரமே ஆன உயிருக்கு எங்கே கொத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? முழுப் பறவையைப் பார்த்துக் கொத்துகிறதா? தலையைப் பார்த்தா? நிறத்தைப் பார்த்தா?

அட்டையில் கடற்காகத் தலைகளை வெட்டினார்கள் டின்பெர்கனும் அவருடைய மாணவர் பெர்டெக்கும். பொட்டு இல்லாத அலகு ஒன்று. சிவப்புப் பொட்டு வைத்த அலகு ஒன்று. கறுப்புப் பொட்டு, நீலப் பொட்டு, வெள்ளைப் பொட்டு வைத்தவை. கறுப்புத் தலை, பச்சைத் தலை. ஒவ்வொன்றையும் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளின் முன்னே நீட்டி, எத்தனை முறை கொத்துகிறது என்று எண்ணினார்கள். தலை எந்த நிறமாக இருந்தாலும் குஞ்சு கவலைப்படவில்லை. பொட்டு இல்லாத அலகுக்கு ஆர்வம் குறைந்தது. சிவப்புப் பொட்டுக்கு முந்திக்கொண்டு வந்தது. தலையே இல்லாமல் அலகு மட்டும் இருந்தாலும் கொத்தியது.

அடுத்துச் செய்ததுதான் பேர்பெற்றது. அலகும் வேண்டாம், தலையும் வேண்டாம் என்று, மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியில் மூன்று வெள்ளை வளையங்கள் தீட்டி நீட்டினார்கள். உண்மையான கடற்காகத் தலையைப் போலவே அச்சாகச் செய்த உருவத்தைவிட, இந்தக் குச்சியை அதிகமாகக் கொத்தியது குஞ்சு! இயற்கையே தராத ஒன்று, இயற்கை தந்ததைவிட மேலாகக் கவர்ந்தது. மிகைத் தூண்டல் என்று விலங்கு நடத்தை இயலில் இன்று படிக்கும் பாடத்துக்கு இந்தக் குச்சி நிலையான உதாரணமாகிவிட்டது.

அந்தச் சோதனைகளில் குறை இல்லாமல் இல்லை. முதலில் கிடைத்த எண்ணிக்கையை டின்பெர்கன் பிற்பாடு ஒரு கணக்கின் மூலம் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் பாடநூல்களுக்குள் வரும்போது சொல்லாமலே மறைந்துபோயிற்று. கரெல் டென் காட்டே என்ற ஆய்வாளர் தம் குழுவோடு அதே சோதனையை மறுபடியும் முறையாகச் செய்து 2009இல் வெளியிட்டார். குஞ்சுக்குச் சிவப்புப் பொட்டின் மேல்தான் ஆசை என்பது உறுதியாயிற்று. அறுபது ஆண்டு கழித்தும் ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க ஆள் இருந்தார்களே, அதுவே அந்தத் துறையின் நலத்துக்கு நல்ல சான்று.

இந்தக் குச்சியின் கதை கலையுலகுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன். சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியில் இடை ஏன் அவ்வளவு மெலிந்திருக்கிறது, வளைவுகள் ஏன் உயிருள்ள பெண்ணிடம் காணாத அளவுக்கு மிகுந்திருக்கின்றன என்று அவர் கேட்டார். கலைஞன் மூளை விரும்பும் அடையாளத்தைக் கண்டுபிடித்து அதை மிகைப்படுத்துகிறான் என்பது அவர் சொன்ன விடை. துணைக்கு அழைத்த உதாரணங்களில் ஒன்று கடற்காகக் குஞ்சு. கடற்காகங்களுக்கு ஓர் ஓவியக்கூடம் இருந்தால் அந்தக் கோடு போட்ட குச்சியைத்தான் சுவரில் மாட்டிக் கும்பிடும் என்று வேடிக்கையாகவும் சொன்னார். ஸ்தபதிகள் இதை முழுதாக ஒப்புவார்களா என்பது வேறு. சிலையின் அளவுகளை வகுக்கும் தாளமானமும் அதன் உருவத்தை வருணிக்கும் தியான சுலோகமும் அறிந்தவர்களுக்கு, செப்புத் திருமேனியை ஒரு குச்சி விளக்கிவிடும் என்பது குறைவாகவே படும். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

1949இல் டின்பெர்கன் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். ஹெரிங் கடற்காகத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1953இல் வந்தது. பிறகு அவருடைய மாணவர்கள் மற்றக் கடற்காகங்களையும் பார்க்கப் புறப்பட்டார்கள். அங்கேதான் வாழிடம் என்பது எவ்வளவு ஆழமான செய்தி என்று தெரியவந்தது.

கருந்தலைக் கடற்காகம் தரையில் கூடு கட்டுவது. குஞ்சு பொரித்ததும் முட்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் போட்டுவிடும். எதற்கு? ஓட்டின் உட்புறம் வெள்ளை. அது பளிச்சென்று தெரிந்தால் காக்கை வந்துவிடும். ஓட்டை முட்டைக்கு அருகே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார்கள். அருகே ஓடு கிடந்த முட்டைகளைக் காக்கைகள் அதிகமாகக் கண்டுபிடித்தன. இன்னொரு பக்கம், எஸ்தர் கல்லன் என்ற ஆய்வாளர் ஃபார்ன் தீவுகளில் கிட்டிவேக் என்ற கடற்காகத்தைப் பார்த்தார். அது செங்குத்தான பாறையில், கையகல விளிம்பில் கூடு கட்டுவது. அங்கே நரி ஏறாது. ஆகவே அது ஓட்டை அகற்றுவதில்லை. அதன் குஞ்சு ஓடி ஒளிவதில்லை. ஓடினால் கடலில்தான் விழ வேண்டும், அசையாமல் கிடக்கும். கூட்டைவிட்டுக் குஞ்சு போகாததால், பெற்ற பறவைக்குத் தன் குஞ்சை அடையாளம் காணும் அவசரமும் இல்லை. ஒரே குடும்பத்துப் பறவைகள். ஒன்றுக்கு மணல், ஒன்றுக்குப் பாறை. வாழும் இடம் மாறியதும் வளர்ப்பு முறையே மாறிவிட்டது.

ஹெரிங் கடற்காகமோ மணலிலும் கட்டும், பாறையிலும் கட்டும், இப்போது மாடிக் கூரையிலும் கட்டுகிறது. பிரிட்டனில் 1956ஆம் ஆண்டுக் காற்றுத் தூய்மைச் சட்டம் குப்பைமேடுகளில் எரிப்பதைத் தடுத்தது. எரியாத குப்பையில் சோறு கிடந்தது. பறவைகள் நகரத்தை நோக்கி வந்தன. நரியில்லாத கூரை, வெப்பமான ஊர், விடிய விடிய விளக்கு. வேறென்ன வேண்டும்?

2007இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஒரு கடற்காகம் கடைக்குள் நடந்தே நுழைந்து, சோள வறுவல் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வெளியே போகப் பழகியது. எப்போதும் ஒரே வகைப் பொட்டலம்! வெளியே வந்து கிழித்து மற்றப் பறவைகளோடு சேர்ந்து தின்றது. கடைக்கு வந்தவர்கள் அதன் கணக்கைத் தாங்களே கட்ட ஆரம்பித்தார்கள். அப்படிப் புகழ் பெற்றுவிட்டது.

இவ்வளவு துணிந்த பறவை மனிதருக்கு அஞ்சுமா? எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வால் கடலோர ஊர்களில் அதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். தரையில் ஒரு பை வறுவல். ஒரு முறை பறவையை உற்றுப் பார்த்தார்கள். ஒரு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தபோது பறவை நெருங்குவதற்குச் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. முயன்று பார்த்த 74 பறவைகளில் 27தான் பையின் பக்கமே வந்தன. ஆக, எல்லாக் கடற்காகமும் கொள்ளைக்காரன் இல்லை. துணிந்த சிலவற்றால் மொத்த இனத்துக்கும் கெட்ட பெயர். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். அது நம் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊருக்குள் எங்கு பார்த்தாலும் கத்துகிறதே, அதற்கென்ன குறை என்று தோன்றும். பிரிட்டனில் 1970க்குப் பிறகு இயற்கையான கரைகளில் கூடு கட்டும் ஹெரிங் கடற்காகங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. 2009இல் அந்நாட்டுப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்தது. படகிலிருந்து வீசும் கழிவு மீன் குறைந்தது, திறந்த குப்பைமேடுகள் மூடப்பட்டன, நச்சுக் கிருமி நோயும் தாக்கியது. கூரையில் பெருகுவதால் கண்ணுக்குக் குறைவு தெரிவதில்லை, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் தொப்பியில் செருகும் இறகுக்காகவும் வேடிக்கைக்காகவும் கடற்பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, 1869இல் கடற்பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றிய நாடு பிரிட்டன். இன்றைய சட்டப்படியும் உரிமம் இல்லாமல் ஹெரிங் கடற்காகத்தைக் கொல்வதோ, கூட்டை அழிப்பதோ குற்றம்.

நம் கரைக்கு இது வருவதில்லையா என்று கேட்கத் தோன்றும். பழைய இந்தியப் பறவை நூல்களில் ஹெரிங் கடற்காகம் என்ற பெயர் இருக்கும். இங்கே வருவது உண்மையில் அதன் உறவினரான ஹியூக்லின் கடற்காகம். ரஷ்யாவின் வடகோடித் துருவச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் மன்னார்க் கரைக்கும் வருகிறது. முதுகு இன்னும் கறுத்த சாம்பல், கால்கள் மஞ்சள். அலகில் அதே சிவப்புப் பொட்டு. வருகிறவற்றில் பழுப்பு நிற இளம் பறவைகளும் உண்டு, அவற்றுக்குப் பொட்டு இராது.

கூட்டமாக மீன்வலை மேல் சுற்றுவது பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம். இமயத்துக்கு அப்பால் உள்ள உயர்ந்த ஏரிகளில் பிறந்தது, சிவந்த அலகு உடையது. அவற்றினிடையே ஒன்று மட்டும் உருவத்தில் பெரிதாக, தனித்து நின்றால் கால் நிறத்தை முதலில் பாருங்கள், அடுத்து கீழலகைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, படகுகள் கரை சேரும் காலை வேளை அதற்கு ஏற்ற நேரம்.